நீடு வாழ்க: தும்மலும் வாழ்த்தும்



மொழியின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பெரிய சொற்களையே தேடிச் செல்வர். அறம், நாடு, வணிகம், சமயம் ஆகியவை பற்றிய சொற்களுக்கு நூல்களும் அகராதிகளும் நிறைய உள்ளன. ஒருவர் தும்மும்போது அருகிலிருப்பவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு அத்தகைய மதிப்பை எவரும் தருவதில்லை. ஆயினும் ஒரு மொழி வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறதா என்பதை இத்தகைய சிறு சொற்களே காட்டுகின்றன என்பது நெடுங்காலம் மொழியியல் பயிற்றுவித்த என் கருத்து. அவை முன்கூட்டி எண்ணிச் சொல்லப்படுபவை அல்ல; தும்மலைப் போலவே தாமாக வெளிவருபவை. ஆகவே இவ்வுரையில் தும்மலையும் அதனைத் தொடரும் வாழ்த்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தும்மு என்னும் வினையடி ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்தது என்பதைக் காதே சொல்லிவிடும். மலையாளத்தில் தும்முக என்றும் தெலுங்கில் தும்மு என்றும் அது வழங்குகிறது. கன்னடர் சீனு என்பர். மூக்கின் ஓசையை ஒவ்வோர் இனமும் தன் காதுக்கேற்பக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். சொல்லைவிடச் சுவையானது அதனைச் சுற்றி வளர்ந்த வழக்கம்.

அவ்வழக்கத்திற்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று திருக்குறள். காமத்துப்பாலில் ஐந்து குறள்களில் தும்மல் வருகிறது. திருவள்ளுவரின் காலத்தை ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளுக்குப் பிற்படுத்துவோரின் கணக்கை ஏற்றாலும் இச்சான்று ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழைமை உடையது.

ஐந்தனுள் மூன்று, புலவி நுணுக்கம் என்னும் 132ஆம் அதிகாரத்தில் அமைந்துள்ளன. 1312ஆம் குறளில் தலைவி பேசுகிறாள். இருவருக்கும் ஊடல், பேச்சு நின்றுவிட்டது. அப்போது தலைவன் தும்முகிறான். தும்மினால் தன்னை நீடு வாழ்க என்று அவள் வாழ்த்தித்தான் ஆகவேண்டும், வாழ்த்தினால் மௌனம் கலைந்துவிடும் என்பது அவன் கணக்கு. அவளோ அக்கணக்கைக் கண்டுகொள்கிறாள். பிறகு வாழ்த்தினாளா இல்லையா என்பதை வள்ளுவர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். 1317இல் தலைவன் பேசுகிறான். அவன் தும்மியதும் அவள் வாழ்த்திவிடுகிறாள். மறுகணமே அவ்வாழ்த்தை அழித்துவிட்டு, எவள் நினைத்ததால் நீர் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். பட்டறிவு பெற்ற தலைவன் 1318இல் தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை: உம்மவர் உம்மை நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்கிறாள். தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம். வகுப்பில் இம்மூன்றையும் வரிசையாக நடத்திய ஆசிரியர்கள் மாணவர்களின் சிரிப்பொலியை அறிவார்கள்.

சிரித்து முடித்தபின் இவற்றில் இரண்டு செய்திகளைப் பிரித்துக் காணவேண்டும். ஒன்று, தும்மியவரை நீண்ட ஆயுள் பெறுமாறு வாழ்த்துவது. மற்றொன்று, தொலைவில் உள்ள ஒருவர் நினைத்தால் நினைக்கப்பட்டவருக்குத் தும்மல் வரும் என்னும் நம்பிக்கை. இந்த இரண்டாவது நம்பிக்கையை 1203ஆம் குறள் தனியே எடுத்தாள்கிறது. பிரிவில் வாடும் தலைவிக்குத் தும்மல் வருவதுபோல் எழுந்து, வராமலே அடங்கிவிடுகிறது. அவர் என்னை நினைக்கத் தொடங்கி, நினையாமலே விட்டாரோ என்று அவள் வருந்துகிறாள். பரிமேலழகர் இந்நம்பிக்கையை உலகியல் என்றே விளக்குகிறார். ஐந்தாவதான 1253, அடக்க அடக்கத் தன்னையறியாமல் வெளிப்படும் காமத்திற்குத் தும்மலை உவமையாக்குகிறது. நம் பொருளுக்கு அது நேரடியாக வேண்டியதில்லை.

1312ஆம் குறளில் என்னை மிகவும் கவர்வது வாழ்த்தின் கட்டாயம். தலைவனின் சூழ்ச்சி எதை நம்பி நிற்கிறது? கோபத்தில் இருப்பவளும் மீற முடியாத ஒரு நடைமுறை ஊரில் உள்ளது என்பதை நம்பி நிற்கிறது. அன்பிருந்தால் வாழ்த்துவது, இல்லையேல் விடுவது என்றிருந்தால் அச்சூழ்ச்சிக்கு இடமே இல்லை. அன்றைய தமிழ்ச் சமூகத்தில் தும்மலுக்கு வாழ்த்து என்பது, வணக்கத்திற்கு வணக்கம் போல, சொல்லாமல் விட்டால் பிழையாகக் கருதப்பட்ட ஒன்றாய் இருந்திருக்கவேண்டும். அதுவும் வளர்ந்த இருவருக்கு இடையில். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

பதினெண்கீழ்க்கணக்கில் திருக்குறளோடு ஒருசேர வைத்து எண்ணப்படும் ஆசாரக்கோவை தும்மலை வேறு கண்ணால் பார்க்கிறது. பெரியோர் முன் சிரிப்பதும் கொட்டாவி விடுவதும் காறுவதும் தும்முவதும் ஆகா, செய்தால் பழி நிலைத்து நிற்கும் என்கிறார் பெருவாயின் முள்ளியார். மருத்துவ மரபு இதற்கு உடன்படாது. சித்த மருத்துவம் கூறும் பதினான்கு வேகங்களுள் தும்மலும் ஒன்று. அடக்கினால் நோய் வரும் என்பது அதன் துணிபு. சரகரின் நூலும் அடக்கலாகாத 13 வேகங்களுள் தும்மலைச் சேர்த்துள்ளது. மரியாதை அடக்கச் சொல்ல, மருத்துவம் விடச் சொல்ல, இடையில் சிக்கிய மூக்கின் நிலை இரங்கத்தக்கது.

வாழ்த்தும் வழக்கம் இவ்வளவு கட்டாயமானதற்குக் காரணம் என்ன? இந்திய மண்ணிலேயே இதுபற்றி நடந்த ஒரு விவாதத்தைப் பாலி மொழியில் உள்ள விநய நூல் பதிவு செய்திருக்கிறது. சுள்ளவக்கம் என்னும் பகுதியில் வரும் செய்தி அது. புத்தர் அறவுரை ஆற்றும்போது தும்மிவிடுகிறார். கூடியிருந்த பிக்குகள் அனைவரும் வாழ்க, வாழ்க என்று ஆரவாரிக்க, உரை தடைப்படுகிறது. நீங்கள் அவ்வாறு சொன்னதால் ஒருவன் வாழ்வானா, சொல்லாவிட்டால் சாவானா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கின்றனர். அப்படியானால் சொல்லவேண்டாம் என்று விதிக்கிறார். கதை இத்துடன் முடிந்திருந்தால் பகுத்தறிவின் எளிய வெற்றியாக இருந்திருக்கும். ஆனால் பிக்குகள் தும்மியபோது இல்லறத்தார் நீடு வாழ்க என்றனர். விதிக்கு அஞ்சிய பிக்குகள் பதில் சொல்லவில்லை. மக்கள் மனம் கோணினர். செய்தி புத்தரிடம் வந்தது. இல்லறத்தார் மங்கலத்தை விரும்புவோர். அவர்கள் வாழ்த்தினால் நீங்களும் திருப்பி வாழ்த்துங்கள் என்று விதியைத் தளர்த்தினார். அச்சொல்லுக்கு ஆயுளை நீட்டும் ஆற்றல் இல்லை என்பதும், அதைச் சொல்லாமல் விட்டால் உறவு கெடும் என்பதும் ஒருசேர உண்மை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். மொழியியலார் இதனை 20ஆம் நூற்றாண்டில்தான் கோட்பாடாக்கினர். செய்தி சொல்வதற்காக அன்றி உறவைப் பேணுவதற்காகவே வழங்கும் பேச்சு ஒன்று உண்டு என மலினோவ்ஸ்கி 1923இல் எழுதினார்.

அதே பாலி மரபின் ஜாதகக் கதைகளுள் 155ஆவதான கக்க ஜாதகம் மக்கள் மனத்தில் இருந்த அச்சத்தைக் காட்டுகிறது. ஊர்ப்புறத்துச் சத்திரம் ஒன்றில் ஓர் இயக்கன் குடியிருக்கிறான். தும்மியவரை வாழ்க என்று சொல்லாதவரையும், வாழ்த்தியவருக்கு மறுவாழ்த்துச் சொல்லாதவரையும் உண்ணலாம் என்பது அவன் பெற்ற வரம். கக்கன் என்னும் தந்தையும் அவன் மகனும் அங்கே தங்குகின்றனர். இயக்கன் தூசியைத் தூவித் தந்தையைத் தும்மச் செய்கிறான். நிலைமையை உணர்ந்த மகன், தந்தை நூறு ஆண்டும் அதற்கு மேல் இருபது ஆண்டும் வாழவேண்டும் என்று வாழ்த்தித் தப்புகிறான். தந்தையும் அவ்வாறே திருப்பி வாழ்த்துகிறார். ஜீவ என்பது வாழ்த்து, படிஜீவ என்பது மறுவாழ்த்து. இங்கே நூறு என்னும் எண்ணைக் கவனியுங்கள். குழந்தை தும்மினால் நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதும் நூறு என்னும் அதே எண்தான். நூறு ஆண்டு வாழ்க என்னும் தொடர், பயனிலையும் எழுவாயும் எல்லாம் உதிர்ந்து, எண் மட்டும் எஞ்சிய சொல் அது. சில வீடுகளில் இரண்டாம் தும்மலுக்கு இருநூறு என்று ஏலம் ஏறுவதும் உண்டு. தீர்க்காயுசு என்பாரும் உளர். தெலுங்கர் சிரஞ்சீவ என்பர்.

மேற்கு நாட்டுச் செய்திகளை விரைந்து கடப்போம். ஹோமரின் ஒடிசியில், மகன் தும்முவதைப் பெனலோப்பி நற்குறியாகக் கொண்டு நகைக்கிறாள். கி.பி. 79இல் மறைந்த ரோமானியப் பிளினி, தும்மியவரை நாம் ஏன் வாழ்த்துகிறோம் என்ற வினாவை எழுப்பி, சிடுசிடுப்புக்குப் பெயர்பெற்ற திபேரியு மன்னர் வண்டியில் செல்லும்போதும் இம்மரியாதையை எதிர்பார்த்தார் என்று எழுதினார். ஆகவே 590இல் ரோம் நகரில் கொள்ளைநோய் பரவிய காலத்தில்தான் இவ்வழக்கம் தோன்றியது என்று இன்றும் பலர் சொல்லும் கதை நிற்காது. அந்தக் கொள்ளைநோய் உண்மை. தும்மலுக்கு அதனோடு முடிச்சுப் போட்டது பிற்கால நூல்களின் வேலை. ஆங்கிலேயர் தம் வாழ்த்துக்குக் காரணம் தேடும்போது இக்கதையைச் சொல்லட்டும். நாம் பாடம் நடத்தும்போது அதை வரலாறாகச் சொல்லவேண்டியதில்லை.

நமக்கு இன்னும் அண்மையில் உள்ள ஒப்புமைகளைக் காண நூலகம் போகவேண்டியதில்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் பெருவிரைவு ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கும் பயணத்திற்குள் இத்தீவின் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் காதில் விழும். அதே பெட்டியில் தும்மலைப் பற்றிய மூன்று நான்கு மரபுகளும் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

இசுலாமிய மரபில் வரிசை தெளிவானது. தும்மியவர் முதலில் அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழவேண்டும். கேட்டவர் யர்ஹமுக்கல்லாஹ், அதாவது இறைவன் உமக்கு அருள்புரிவானாக என்பார். தும்மியவர் மீண்டும், இறைவன் உங்களுக்கு நேர்வழி காட்டி உங்கள் நிலையைச் சீராக்குவானாக என்று மறுமொழி கூறுவார். மலாய் முசுலிம்களும் தமிழ் முசுலிம்களும் இதனை அரபு மொழியிலேயே சொல்கின்றனர். இரண்டு நுட்பங்கள் இதில் உள்ளன. தும்மியவர் இறைவனைப் புகழாவிடில் கேட்டவருக்கு வாழ்த்தும் கடமை இல்லை. மேலும், அரபு இலக்கணம் ஆண்பால் பெண்பால் பார்ப்பதால், தும்மியவர் பெண்ணாயின் யர்ஹமுகில்லாஹ் என்று சொல் சற்றே மாறும்.

சீனரிடம் வளர்ந்தவர் தும்மினால் பெரும்பாலும் எவரும் எதுவும் சொல்வதில்லை. என்னோடு பணியாற்றிய சீனப் பேராசிரியர் ஒருவர், தும்மலைக் கேளாததுபோல் இருப்பதே மரியாதை என்றார். ஆனால் நம் குறளின் இரண்டாவது நம்பிக்கை அவர்களிடம் முழுமையாக உள்ளது. ஒரு தும்மல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள், இரண்டு வந்தால் யாரோ திட்டுகிறார்கள், மூன்று வந்தால் சளி பிடித்துவிட்டது என்னும் வழக்கு மாண்டரின் பேசுவோரிடம் பரவலானது. அதன் வேர் ஆழமானது. ஷி சிங் என்னும் பழஞ்சீனப் பாடல் தொகையில், தன்னை மதியாத ஒருவனை நினைத்து உறக்கமின்றி வாடும் பெண் தும்மலைக் குறிப்பிடுகிறாள். கி.பி. 127 முதல் 200 வரை வாழ்ந்த உரையாசிரியர் செங் சுவான், மக்கள் தும்மினால் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார் என்பர் என அவ்விடத்தில் குறிப்பு எழுதினார். அச்சொல்லுக்கு வேறு பொருள் கொண்ட உரையாசிரியர்களும் உண்டு. ஆயினும் 1203ஆம் குறளின் தலைவியையும் இச்சீனப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் வாதிடமாட்டேன். உயர்நிலைப்பள்ளியில் ஒப்பிலக்கியப் பயிற்சிக்கு இதைவிட எளிய, சுவையான இணையை நான் கண்டதில்லை.

இனி இன்றைய தமிழுக்கு வருவோம். குறளில் ஒரே தும்மலுக்குள் இணைந்திருந்த இரண்டு செய்திகளும் இன்று பிரிந்துவிட்டன. யாரோ நினைக்கிறார்கள் என்பதை நாம் இப்போது தும்மலுக்குச் சொல்வது அரிது. உணவு புரையேறினால் உச்சந்தலையைத் தட்டிச் சொல்கிறோம். விக்கல் வந்தால் சொல்கிறோம். நம்பிக்கை மாறவில்லை, மூக்கிலிருந்து தொண்டைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தும்மலுக்கோ சகுனம் வந்து சேர்ந்தது. புறப்படும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் நன்று என்னும் கணக்கை எல்லாரும் அறிவோம். தீக்குறியென்று அஞ்சப்பட்ட தும்மலில், அன்புடையார் நினைவு என்னும் இனிய பொருள் தங்க இடமின்றிப் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

வாழ்த்து என்னவாயிற்று? அது குழந்தைகளிடம் சுருங்கிவிட்டது. குழந்தை தும்மினால் நூறு; வளர்ந்தவர் தும்மினால் பெரும்பாலான வீடுகளில் மௌனம். சிலபோது தும்மியவரே முருகா என்றோ சிவசிவா என்றோ சொல்லிக்கொள்வார். அலுவலகத்தில் உடன்பணியாற்றும் ஒருவர், அல்லது நம்மினும் மூத்தவர் ஒருவர் தும்மினால் நாம் தமிழில் சொல்வதற்கு வழக்கிலுள்ள சொல் எது? ஆசி என்பது மேலிருந்து கீழே இறங்குவது என்னும் எண்ணம் வலுப்பெற்ற சமூகத்தில், இளையவர் மூத்தவருக்கு நூறு என்று சொல்வது துடுக்காகத் தோன்றும். குறளின் தலைவியோ தலைவனை வாழ்த்துகிறாள். அங்கே அந்தத் தயக்கம் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் ஆங்கிலம் அமர்ந்தது. 2010இல் சிங்கப்பூர்வாசிகளுள் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசினர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடு. தமிழுக்கு 2.5 விழுக்காடு. இவ்வெண்களைக் கேட்டு நாம் கவலைப்படுவது இயல்பு. ஆனால் தும்மலைப் பொறுத்தவரை நடந்தது போட்டி அன்று. பாலர் பள்ளியில் பிளெஸ் யூ கற்றுக்கொண்ட குழந்தை வீட்டுக்கு வந்து, தும்மிய தந்தையிடம் அதைச் சொல்கிறது. தந்தையிடம் சொல்லக்கூடிய தமிழ்ச் சொல் ஒன்றை அக்குழந்தைக்கு யாரும் தரவில்லை. நூறு என்பது அக்குழந்தை பெறும் வாழ்த்தே தவிர, தரும் வாழ்த்தன்று. ஆங்கிலம் தமிழ்ச் சொல்லை வெளியேற்றியதாக இங்கே குறைசொல்ல இயலாது. நாம் எழுந்துபோன நாற்காலியில் அது அமர்ந்துகொண்டது.

தும்மல் ஆசார நிகழ்ச்சியாக மட்டும் இருந்த காலமும் போய்விட்டது. 2003இல் சார்ஸ் நோய் இங்கே 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்தபோது, தும்மல் அச்சத்தின் ஒலியாயிற்று. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்ததையும், 2023 பிப்ரவரி 13 வரை பொதுப் போக்குவரத்தில் முகக்கவசம் கட்டாயமாக இருந்ததையும் மாணவர்களும் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்நாள்களில் ரயில்பெட்டியில் கண்கள் கலங்கத் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு 1318ஆம் குறளின் தலைவன் நினைவுக்கு வந்தான். அவன் ஒருத்தியின் ஐயத்திற்கு அஞ்சினான். இவர்கள் ஒரு பெட்டி முழுவதன் ஐயத்திற்கு அஞ்சினர். கைக்குட்டையாலோ மடக்கிய முழங்கையாலோ வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது இன்றைய தும்மல் ஒழுக்கத்தின் முதல் விதி. பெரியோர் முன் தும்மாதே என்ற ஆசாரக்கோவையின் விதிக்கு இக்காலம் எழுதிய உரை அது என்று கொள்ளலாம்.

வெற்றிடத்தை நிரப்ப இயலுமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. புதுச்சொல் படைக்கவேண்டிய தேவையில்லை. இலக்கணம் வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. வாழ்க என்பது வியங்கோள் வினைமுற்று. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பியரின் விதி. வழக்கு விரிந்தபின் எழுந்த நன்னூல், மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் அதனைப் பொதுவாக்கியது. அதன் பயனை எண்ணிப் பாருங்கள். நல்லா இரு, நல்லா இருங்க என்று சொல்ல முற்பட்டால் எதிரே இருப்பவர் இளையவரா மூத்தவரா என்று பார்த்தாகவேண்டும். வாழ்க என்பதற்கு அது தேவையில்லை. அரபு வாழ்த்தைப் போல ஆணா பெண்ணா என்றும் பார்க்கவேண்டியதில்லை. தங்கை, தாத்தா, தலைமையாசிரியர் யாவருக்கும் அது ஒன்றே. எவர் தும்முகிறார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய வாழ்த்து அது. தமிழ் ஆசிரியர்கள் வகுப்பில் ஒருவர் தும்மியதும் நீடு வாழ்க என்று சொல்லித் தொடங்கினால், 1312ஆம் குறளுக்குத் தனியே பொருள் கூறும் நேரமும் மிஞ்சும்.

ஒரு பள்ளியில் இதனைச் சொன்னபோது, பதிலுக்கு என்ன சொல்வது என்று மாணவி ஒருத்தி கேட்டாள். குறளில் தலைவனின் மறுமொழி இல்லை; ஊடல் நேரத்தில் அவனுக்கு அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை போலும். நன்றி என்றால் போதும் என்றேன். அவளோ நீங்களும் வாழ்க என்று சொல்லலாமே என்றாள். கக்கனும் மகனும் சத்திரத்தில் செய்தது அதுவே.